ஆப்மேனேஜரும் நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜரும்: ஒரு திறனாய்வு

ஆப்மேனேஜர், நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜர் ஆகியவை ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்இன்ஜின் பிரிவு வெளியிடும் இரண்டு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள்கள். ரவுட்டர், சுவிட்ச், சர்வர் போன்ற கருவிகள் இயங்குகின்றனவா என்பதை ஆப்மேனேஜர் கண்காணிக்கிறது. அக்கருவிகளுக்குள் எழுதப்பட்டுள்ள கட்டளைத் தொகுப்பைப் பிரதி எடுத்து, மாற்றங்களைக் கண்டறிந்து, விதிகளுக்கு இணங்க உள்ளதா என்று சரிபார்ப்பது நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜரின் வேலை. இரண்டையும் தனித்தனியாகவும், ஒன்றுடன் ஒன்று இணைத்தும் பயன்படுத்தலாம். இந்த இணைப்பு எதைச் சாதிக்கிறது, எங்கே குறைபடுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்னணி

ஜோஹோவின் தொடக்கப் பெயர் அட்வென்ட்நெட். ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோர் 1996-இல் இதைத் தொடங்கினர். வலையமைப்புக் கருவிகளின் நிலையைக் கேட்டறிவதற்கு உலகம் முழுவதும் பயன்படும் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை சார்ந்த மென்பொருள்களே இந்நிறுவனத்தின் முதல் சரக்கு. தொலைத்தொடர்புக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் அவற்றை வாங்கின. 2000-ஐ ஒட்டிய இணையத் தொழில் சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் குறைந்தனர். அதன்பின், சாதாரண அலுவலகங்களின் கணினித் துறைகளுக்காக 2002-இல் மேனேஜ்இன்ஜின் பிரிவு உருவானது. 2009-இல் நிறுவனத்தின் பெயர் ஜோஹோ என மாறியது. இன்று எல்லோருக்கும் தெரிந்த மின்னஞ்சல், கணக்குப் பதிவு மென்பொருள்களுக்கு முன்பே இந்நிறுவனம் கற்றுக்கொண்ட தொழில் வலையமைப்பு மேலாண்மை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

நிறுவனத்தின் பெரிய வளாகம் கூடுவாஞ்சேரியை ஒட்டிய வல்லாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையில் உள்ளது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது இந்த வளாகமும் புதிய மாவட்டத்துக்குள் வந்தது. நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜர் முன்பு டிவைஸ்எக்ஸ்பர்ட் என்ற பெயரில் விற்கப்பட்டது.

உள்ளமைவு என்றால் என்ன

கடையில் வாங்கிய ரவுட்டரோ சுவிட்சோ தானாக ஓர் அலுவலகத்தை இணைத்துவிடாது. எந்த முகவரிக்கு எந்த வழி, எந்தப் பிரிவு எந்தப் பிரிவோடு பேசலாம், யார் உள்ளே நுழையலாம் என்பவற்றை ஒரு பொறியாளர் வரிவரியாக எழுதவேண்டும். பெரிய ரவுட்டரில் இது ஆயிரக்கணக்கான வரிகளாகக்கூட இருக்கும். இந்தத் தொகுப்பே கான்ஃபிகரேஷன் எனப்படும் உள்ளமைவு.

பல கருவிகளில் உள்ளமைவு இரண்டு இடங்களில் இருக்கும். இப்போது நடைமுறையில் உள்ளது ஒன்று. மின்சாரம் போய்த் திரும்பினால் கருவி எடுத்துப் படிப்பது இன்னொன்று. பொறியாளர் மாற்றம் செய்துவிட்டுச் சேமிக்கும் கட்டளையைக் கொடுக்க மறந்தால், முதலாவது மட்டுமே மாறியிருக்கும். அடுத்த மின்வெட்டு வரை எவருக்கும் எதுவும் தெரியாது. மின்சாரம் திரும்பும்போது கருவி பழைய நிலைக்குப் போய்விடும். நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் மேனேஜர் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பட்டியலிட்டுக் காட்டுகிறது. விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படாத வசதி இது. புயல் கடக்கும் கடற்கரையில் மிகவும் பயன்படக்கூடியதும் இதுவே. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுகளுக்கு முந்தைய நாள் ஒருவர் பார்க்கவேண்டிய முதல் அறிக்கை, சேமிக்கப்படாத மாற்றங்கள் எந்தெந்தக் கருவிகளில் உள்ளன என்பதே.

இணைப்பின் பயன்

கண்காணிப்பு மென்பொருள் மட்டும் இருந்தால், ஒரு கிளை அலுவலகம் துண்டிக்கப்பட்டதைத் திரையில் சிவப்பு நிறம் சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. கம்பி அறுந்ததா, மின்சாரம் போனதா, யாரோ ஒரு வரியை மாற்றினார்களா என்பதை மனிதர்கள் தேடவேண்டும். உள்ளமைவுக் காப்பு மட்டும் இருந்தால், வரி மாறியது தெரியும். அதனால் எவருக்குப் பாதிப்பு என்பது தெரியாது.

இரண்டும் இணையும்போது காலம் ஒப்பிடப்படுகிறது. உள்ளமைவு மாறியதும் கருவி ஒரு பதிவுச் செய்தியை அனுப்பும். அதைப் பெற்ற மென்பொருள் உடனே புதிய பிரதியை எடுத்து, முந்தையதோடு ஒப்பிட்டு, மாற்றிய பயனர் கணக்கின் பெயரோடு வைத்துக்கொள்ளும். 11.40-க்கு வரி மாறியது, 11.42-க்குக் கிளை துண்டானது என்று அருகருகே தெரிந்தால், காரணம் தேடும் வேலை பாதியாகக் குறைகிறது. நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதியை அடிப்படைப் பிரதி எனக் குறித்துவைத்து, தேவைப்படும்போது அதற்குத் திரும்பவும் வழி உண்டு. இளநிலைப் பணியாளர் அனுப்பும் மாற்றத்தை மேலாளர் ஒப்புக்கொண்ட பிறகே கருவிக்குள் செலுத்தும் ஏற்பாடும் உள்ளது.

சதுரங்கம் அறிந்த மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. மின்னணுப் பலகைகள் காய்களின் நிலையை உலகத்துக்கு உடனுக்குடன் காட்டின. அப்படியிருந்தும் ஆட்டக்காரர் ஒவ்வொரு நகர்வையும் தாளில் எழுதியாகவேண்டும் என்பது விதி. விதிமீறிய நகர்வு கண்டுபிடிக்கப்பட்டால், அதற்கு முந்தைய நிலைக்குப் பலகை திருப்பப்படும். பலகையைப் பார்ப்பது கண்காணிப்பு. எழுதிய தாள் காப்புப் பிரதி. நடுவர் பார்ப்பது இணக்கம். தாள் இல்லாவிட்டால் நடுவருக்கும் வேலை கடினம்.

விமர்சனங்கள்

பிரதி வேறு, மீட்பு வேறு

தினமும் பிரதி எடுக்கப்படுகிறது என்ற அறிக்கை, கருவி எரிந்துபோனால் அதை மீட்டுவிடலாம் என்ற உறுதியைத் தராது. உள்ளமைவுக் கோப்பில் எல்லாம் அடங்குவதில்லை. எடுத்துக்காட்டாக, சில சிஸ்கோ சுவிட்சுகளில் வி.லேன் எனப்படும் உட்பிரிவுகளின் பட்டியல் தனிக் கோப்பில் இருக்கும். மறையாக்கச் சாவிகள், உரிமங்கள், இயக்க மென்பொருளின் பதிப்பு ஆகியவையும் உள்ளமைவு வரிகளுக்கு வெளியே இருப்பவை. பழைய மாடல் சுவிட்சுக்கு எழுதிய வரிகளை அதற்குப் பதிலாக வந்த புதிய மாடல் அப்படியே ஏற்றுக்கொள்ளும் என்றும் சொல்லமுடியாது. பிரதியிலிருந்து ஒரு கருவியை உண்மையாகவே எழுப்பிப் பார்த்தால்தான் பிரதியின் தரம் தெரியும். அந்தச் சோதனையை மென்பொருள் செய்யாது. அதற்கு ஒரு கருவியும் ஓர் ஆளும் ஒரு நாளும் ஒதுக்கவேண்டும்.

இணக்க அறிக்கையின் எல்லை

இணக்கச் சோதனை என்பது பெரும்பாலும் சொல் தேடல். இன்ன வரி இருக்கவேண்டும், இன்ன வரி இருக்கக்கூடாது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கருவியின் கோப்பையும் அலசுகிறார்கள். மறையாக்கம் இல்லாத டெல்நெட் வழி திறந்திருக்கிறதா, கடவுச்சொல் மறைக்கப்பட்டுள்ளதா போன்றவற்றுக்கு இது போதும். ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் தேறினாலும், எல்லாம் சேர்ந்த வலையமைப்பு தவறாக இருக்கலாம் என்பதை இம்முறை காணாது.

மென்பொருளோடு ஆயத்தமாக வரும் விதித் தொகுப்புகளில் ஹிப்பா, சாக்ஸ், பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். ஆகியவை முன்னணியில் உள்ளன. முதலிரண்டும் அமெரிக்கச் சட்டங்கள். மூன்றாவது பன்னாட்டு அட்டை நிறுவனங்களின் நெறிமுறை. உலகச் சந்தைக்கு விற்கும் நிறுவனம் இப்படிச் செய்வது இயல்பு. ஆனால் செங்கல்பட்டில் உள்ள ஒரு மருத்துவமனையோ கல்லூரியோ கட்டுப்பட வேண்டியது இந்திய விதிகளுக்கு. இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, பாதுகாப்பு மீறல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், கருவிகளின் கடிகாரங்களை அரசு நிறுவனங்களின் நேரத்தோடு பொருத்தவும் சொல்கிறது. கடிகாரம் எந்த நேரச் சர்வரைப் பின்பற்றுகிறது, பதிவுச் செய்திகள் எங்கே போகின்றன என்பவை உள்ளமைவு வரிகள்தாம். பயனரே புதிய விதி எழுதும் வசதியைக் கொண்டு இவற்றைச் சோதிக்கலாம். ஆயத்த விதிகளை மட்டும் ஓட்டிப் பச்சைக் குறி வாங்குபவர் தமக்குப் பொருந்தாத தேர்வில் தேறியவர் ஆகிறார்.

சரிபார்க்கும் கருவியே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சேவைகள் சுமார் 6 மணி நேரம் முடங்கியது சான்று. பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. இத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுப்பதற்கென்றே அங்கு ஒரு மென்பொருள் இருந்தது. அதில் இருந்த பிழையால் கட்டளை தடுக்கப்படவில்லை என்று அந்நிறுவனமே விளக்கம் அளித்தது. சிக்கலை ஆராயப் பயன்படும் உள் கருவிகளும் அதே முடக்கத்தில் சிக்கின. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் செல்லவேண்டியிருந்தது. கண்காணிப்பையும் காப்புப் பிரதியையும் தான் காக்கும் வலையமைப்புக்குள்ளேயே வைத்திருப்பவர்களுக்கும் இது எச்சரிக்கை. வெள்ளம் புகுந்த அறையிலேயே காப்புச் சர்வரும் இருந்தால், அதன் பிரதிகளும் அந்த வெள்ளத்தோடு போகும்.

ஒரே சாவிக்கொத்து

எல்லாக் கருவிகளுக்கும் உள்ளே செல்ல இந்த மென்பொருளுக்கு எல்லாக் கடவுச்சொற்களும் தேவை. அவற்றை மறையாக்கம் செய்தே அது சேமிக்கிறது. ஆனாலும் ஒரு திருடன் தேடவேண்டிய இடம் ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. இத்துறையின் போட்டி நிறுவனமான சோலார்விண்ட்ஸின் ஓரியன் மென்பொருள் மேம்படுத்தல்களுக்குள் தீநிரல் புகுத்தப்பட்டது 2020 டிசம்பரில் வெளியானது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் அந்த மேம்படுத்தலைப் பெற்றிருக்கலாம் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டது. மேனேஜ்இன்ஜினின் வேறொரு மென்பொருளான ஏ.டி.செல்ஃப்சர்வீஸ் பிளஸில் இருந்த பாதுகாப்புக் குறையைத் தாக்குநர்கள் பயன்படுத்திவருவதாக 2021 செப்டம்பரில் அமெரிக்க அரசு அமைப்புகள் கூட்டாக எச்சரித்தன. குறைக்குத் திருத்தம் வெளியிடப்பட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே ஆபத்தில் இருந்தனர். எனவே மேலாண்மை மென்பொருளை வாங்கி நிறுவியதோடு வேலை முடிவதில்லை. அதையும் ஒரு கருவியாகக் கருதி, காலத்தில் திருத்தி, இணையத்திலிருந்து விலக்கி வைக்கவேண்டும்.

தனி வலையமைப்பு என்னும் கூற்று

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் உள்ளது. அதை நடத்தும் இந்திய அணுமின் கழகமே கூடங்குளம் நிலையத்தையும் நடத்துகிறது. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, அவற்றின் மீது இணையத் தாக்குதல் சாத்தியமில்லை என்று அந்நிலையம் அறிக்கை வெளியிட்டது. மறுநாள், நிர்வாகப் பணிக்கான இணையத்தொடர்புள்ள வலையமைப்பில் ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை என்று கழகம் ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்ததாகவும், அந்தக் கணினி முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும், ஆலை அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அது கூறியது.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று நேர்முரண் அல்ல. ஆனால் அவை இரண்டும் பிரிப்பின் மீதே நிற்கின்றன. எந்த நிறுவனத்திலும் ஃபயர்வால் அல்லது சுவிட்ச் மூலம் செய்யப்படும் பிரிப்பு சில உள்ளமைவு வரிகளால் ஆனது. தற்காலிகமாகத் திறந்த ஒரு வரியை மூட மறந்தால் பிரிப்பு இல்லாமல் போகும். அதை ஒவ்வொரு நாளும் நிரூபிக்கக்கூடியது உள்ளமைவு ஒப்பீடு. அதேசமயம், பென்டிரைவையோ புதிதாக இழுத்த ஒரு கேபிளையோ உள்ளமைவுக் கோப்பு காட்டாது. அங்கே கண்காணிப்பும் மனிதரின் நேர்ச்சோதனையும் தேவை.

கட்டற்ற மாற்றுகள்

உரிமக் கட்டணம் கட்ட இயலாத பள்ளி, கல்லூரிகளுக்குக் கட்டற்ற மென்பொருள்கள் உள்ளன. கண்காணிப்புக்கு லிப்ரென்எம்எஸ், உள்ளமைவுக் காப்புக்கு ஆக்ஸிடைஸ்டு. இவற்றையும் இணைக்கலாம்: கருவிகளின் பட்டியலை முன்னது தருகிறது, பின்னது பிரதிகளைக் கிட் களஞ்சியத்தில் சேமிக்கிறது, மாறிய வரிகள் கண்காணிப்புப் பக்கத்திலேயே தெரிகின்றன. இவற்றுக்கு முன்னோடி ரான்சிட். நிறுவி இயக்க லினக்ஸ் அறிவு வேண்டும். ஒப்புதல் முறை, இணக்க அறிக்கை ஆகியவற்றில் வணிக மென்பொருளே வசதியானது. ஆனால் மாற்றம் என்றால் என்ன என்று கற்க, இரு கோப்புகளை ஒப்பிடும் இந்த எளிய முறையே மாணவர்களுக்கு ஏற்றது.

மதிப்பீடு

கண்காணிப்பு, காப்பு, இணக்கம் ஆகிய மூன்றில் இம்மென்பொருள்களின் வலிமையான பகுதி மாற்றத்தை உடனே கண்டறிவது. வலிமை குறைந்த பகுதி இணக்க அறிக்கை. அதுவே தணிக்கையாளரும் மேலதிகாரியும் விரும்பிக் கேட்பதும் ஆகும். இதனால் ஒரு நிறுவனம் அறிக்கைக்காகக் கருவியை வாங்கி, மாறிய வரிகளை எவரும் படிக்காத நிலைக்கு வரக்கூடும்.

இணைப்பு முழுப்பயன் தர மூன்று பழக்கங்கள் வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும், அதைச் செய்யாத இன்னொருவர் படிக்கவேண்டும். பிரதிகளின் ஒரு தொகுதி அந்த வலையமைப்புக்கும் அந்தக் கட்டடத்துக்கும் வெளியே இருக்கவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒரு கருவியைப் பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்கவேண்டும். இம்மூன்றும் நடக்கும் இடத்தில் கட்டற்ற மென்பொருளே போதும். நடக்காத இடத்தில், விலையுயர்ந்த உரிமமும் தன்னால் மீட்க முடியாத கோப்புகளைத் தினமும் சேர்த்துக்கொண்டே இருக்கும்.