பேயும் போலீசும்: ஒரு ரசிகனின் சில குறிப்புகள்

சினிமா பற்றி நாம் எழுதுவதெல்லாம் 'கலைப்படம் / வணிகப்படம்' என்கிற எதிர்வுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. ரசிகர்கள் அப்படிப் பிரிப்பதில்லை. சண்டைப் படம், குடும்பப் படம், பேய்ப் படம், போலீஸ் படம், காமெடிப் படம் என்றுதான் பிரிக்கிறார்கள். 'எப்படிய்யா இருக்கு?' என்று கேட்டால் 'பாக்கலாம்' என்கிறார்கள். இந்தப் 'பாக்கலாம்' வெறும் ரசனைத் தீர்ப்பு அல்ல. யாரைப் பார்க்கச் சொல்கிறது, யாரைப் பார்க்காமல் விடச் சொல்கிறது என்பதில்தான் ஒவ்வொரு வகைப் படத்தின் அரசியலும் இருக்கிறது. நான் விமர்சகனில்லை, எல்லாப் படத்தையும் பார்க்கிறவன். அந்தத் தகுதியில் சில குறிப்புகள்.

முதலில் போலீஸ் படம். 'தங்கப்பதக்கம்' (1974) அதிகாரி கடைசியில் சுடுவது சொந்த மகனை. அங்கே சாவுக்கு ஒரு வலி உண்டு, அழ ஓர் ஆள் உண்டு. 'காக்க காக்க' (2003) வரும்போது சுட்டுக் கொல்வதே தொழில்திறமை ஆகிவிடுகிறது. மனித உரிமை பேசுகிறவர்கள் கதைக்கு நடுவே வந்த இடைஞ்சல். இப்படிப்பட்ட படங்களில் சுடப்படுகிறவனுக்குப் பட்டப்பெயர் உண்டு, வீடு கிடையாது, அம்மா கிடையாது. விசில் பறக்க வேண்டுமென்றால் பிணத்துக்குச் சொந்தபந்தம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தகப்பனும் மகனும் காவல்துறையின் அடியில் செத்தார்கள். போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக இயக்குநர் ஹரி அப்போது அறிக்கை விட்டார். நேர்மையான அறிக்கை, சந்தேகமில்லை. ஆனால் இதை ஒரு தனி இயக்குநரின் மனசாட்சிப் பிரச்சினையாகச் சுருக்க முடியாது. அந்தக் கதையாடலின் இலக்கணமே அதுதான். 'விசாரணை' (2015) அந்த இலக்கணத்தை எப்படிக் கவிழ்த்தது? அதே ஸ்டேஷன், அதே லத்தி. கேமரா மட்டும் லாக்கப்புக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இனி பேய்ப் படம். 'மலிவான சமாச்சாரம்' என்று நாம் ஒதுக்குவது. ஆனால் பாருங்கள், போலீஸ் படத்தில் செத்தவன் பேசமாட்டான், பேய்ப் படத்தில் செத்தவர்கள்தான் பேசுகிறார்கள். 'காஞ்சனா'வில் (2011) பேயாக வருவது யார்? நிலத்தைப் பிடுங்கிக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையும், அவருக்கு அடைக்கலம் தந்த முஸ்லிம் பெரியவரும், மனவளர்ச்சி குன்றிய அவர் மகனும். கோர்ட்டுக்குப் போய்ப் பெற முடியாததை இன்னொருவன் உடம்பில் இறங்கிப் பெறுகிறார்கள். கொலைப்பட்டவர்களைச் சாமியாக்கிக் கும்பிடும் மக்களுக்கு இது புதுசில்லை.

'பேய்ப் படத்தைக் காமெடியாக்கிட்டாங்க' என்ற புலம்பலிலும் அர்த்தமில்லை. 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் வாயாலேயே சத்தம் கொடுத்துப் பேய்க்கதை சொல்ல, எஸ்டேட் முதலாளியான பாலையா நடுங்குகிறார். பயமும் சிரிப்பும் அங்கேயே ஒன்றாகக் கலந்தாயிற்று.

அதற்காகக் 'காஞ்சனா'வைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. திருநங்கையாக நடித்தவர் சரத்குமார். அவர் பேசுவதற்கு ஒரு நாயக உடம்பும் தேவைப்படுகிறது. அந்த உடம்பில் பெண்மை ஏறும்போது தியேட்டர் சிரிக்கவும் வைக்கப்படுகிறது. நியாயம் கேட்க அனுமதி உண்டு, ஆனால் கேலிப்பொருளாகிக் கொண்டே கேட்க வேண்டும்.

இந்த இரண்டு வகைகளையும் மோதவிட்ட படமாக நான் பார்ப்பது 'கர்ணன்' (2021). பஸ் நிற்காத சாலையில் வலிப்பு வந்து செத்த சிறுமி, தெய்வத்தின் முகத்தோடு படம் முழுக்க ஊருக்குள் உலவுகிறாள். அதே ஊருக்குள்தான் கடைசியில் போலீஸ் நுழைந்து அடிக்கிறது. 1995 கொடியங்குளம் நினைவுக்கு வராமல் அதைப் பார்க்க முடியாது. இங்கே பேய் பயமுறுத்த வரவில்லை. சாட்சியாக நிற்கிறது.

உண்மை அறியும் குழு அறிக்கைகளை எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. என்கவுன்டர் காட்சிக்குக் கைதட்டுகிறவனைப் 'பாசிஸ்ட்' என்று திட்டிவிட்டு நகர்வது சுலபம். அதே ஆள்தான் அடுத்த வாரம் பேய்ப் படத்தில் கொலையுண்டவளின் பக்கம் நிற்கிறான். அங்கிருந்து அவனோடு பேச ஆரம்பிக்கலாமே. 'போன வாரம் சுட்டாங்களே, அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா இல்ல?' என்று கேட்டுப் பார்க்கலாம்.