வெறுஞ்சுவரில் என்ன பார்ப்பது?

பழைய தேவாலயத்தை ரசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரூபங்களும் வண்ணக் கண்ணாடிகளுமே கண்ணை இழுத்துக்கொள்ளும். புதிதாகக் கட்டிய பங்குக் கோவிலுக்குள் நுழைந்தால்தான், "என்ன இது, வெறிச்சென்று இருக்கிறதே!" என்று தோன்றும். அங்கே எதைப் பார்ப்பது என்று பழகிக்கொள்ள ரோமின் ஜூபிலி தேவாலயம் நல்ல பாடம். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மையர் வடிவமைத்த இது, 2003 அக்டோபரில் திறக்கப்பட்டது.

அக்கம்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வத்திக்கானும் கொலோசியமும் இருக்கும் ரோம் இல்லை இது. நகரின் கிழக்குப் புறத்தில், தோர் த்ரே தெஸ்தே என்ற பகுதி. சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், அருகில் ஒரு பூங்கா. அந்தக் குடியிருப்புகளின் மக்களுக்காகக் கட்டிய கோவில் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். வாசலுக்கு முன்னால் கல் பாவிய முற்றத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பூசை முடிந்து ஊர்க்கதை பேச ஓர் இடம் வேண்டாமா?

சுவரைச் சுற்றி வாருங்கள்

தெற்குப் பக்கம், காற்றில் புடைத்த பாய்களைப் போல மூன்று வெள்ளைச் சுவர்கள் அடுத்தடுத்து எழுகின்றன. உயரம் சுமார் 17 மீட்டரிலிருந்து 27 மீட்டர் வரை. மூன்றுமே ஒரே ஆரமுள்ள கோளங்களின் துண்டுகள். அதனால்தான் உயரம் வேறுபட்டாலும் வளைவு ஒத்துப்போகிறது. மூன்று என்ற எண்ணில் மூவொரு கடவுளின் குறிப்பும் உண்டு.

கிட்டே போனால் கட்டம் கட்டமாக இணைப்புக் கோடுகள் தெரியும். டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்து, அடுக்கி, உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சாய்ந்து நிற்கும் சுவர் நிலைப்பது இப்படித்தான். வெண்மைக்குக் காரணம் வெள்ளைச் சிமென்ட்டும் கராரா பளிங்குக் கல்லும். சிமென்ட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு கலந்திருப்பதால், வெயில் படும்போது சுவரில் ஒட்டிய அழுக்கு சிதையும்.

உள்ளே போய் உட்காருங்கள்

உயரமான வளைசுவருக்கு எதிரே நேர்ச்சுவர் ஒன்று நிற்கிறது; இரண்டுக்கும் மேலே கண்ணாடிக் கூரை. வண்ணக் கண்ணாடி செய்யும் வேலையை இங்கே வெயிலே செய்கிறது. சட்டங்களின் நிழல் சுவரில் விழுந்து நேரத்துக்கு நேரம் இடம் மாறும். முடிந்தால் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள்.

பிறகு அமைப்பைக் கவனியுங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு, குரு மக்களைப் பார்த்துத் திருப்பலி நிறைவேற்றுவது வழக்கமானது. பீடமும் பின்சுவரை விட்டு முன்னால் வந்தது. புதுக் கோவில் எதிலும் கண் முதலில் பீடத்தில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். இந்தக் கோவிலில் வளைசுவர்களுக்கு இடையே சிற்றாலயம் ஒன்றும் உண்டு. வாரநாள் பூசைக்கு வரும் சிலர் பெரிய மண்டபத்தில் தொலைந்துபோகாமல் இருக்க அது உதவும். நேர்ச்சுவருக்கு அந்தப்புறம், வடக்கே, பங்கு மக்கள் கூடும் சமூக மையம். ஒரே சுவர் வழிபாட்டையும் அன்றாடத்தையும் பிரிக்கவும் செய்கிறது, ஒட்டவும் வைக்கிறது.

உங்கள் ஊரில்

இதே கேள்விகளோடு உங்கள் பங்கின் புதுக் கோவிலுக்குப் போங்கள். மின்விளக்கு இல்லாமல் பகலில் பாட்டுப் புத்தகம் படிக்க முடிகிறதா? சித்திரை வெயிலில் காற்று குறுக்கே ஓடுகிறதா? சக்கர நாற்காலி பீடத்தருகே வர வழி இருக்கிறதா? ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். அங்கே வாசகம் எதிரொலி இல்லாமல் கேட்டு, தூண் மறைக்காமல் பீடமும் தெரிந்தால், கட்டியவர் வரைபடத்தோடு சேர்த்துப் பங்கு மக்களையும் நினைத்திருக்கிறார். பூவேலை இல்லாத குறை அதற்குப் பின் பெரிதாகத் தோன்றாது.