முடிச்சு சொல்லும் குலம், சாயம் சொல்லும் காலம்

துருக்மென் பெண்கள் நெய்த பைகளில் நெய்தவர் பெயர் கிடையாது. ஆண்டு பொறித்தவை அரிதினும் அரிது. பல பைகள் விற்பனைக்கு வரும்போதே பின்புறம் அறுக்கப்பட்டு, முகப்பு மட்டுமே மிஞ்சியவை. யார் நெய்தது, எப்போது நெய்தது என்ற இரண்டு கேள்விக்கும் கம்பளி இழையிடம்தான் பதில் கேட்க வேண்டும். நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் இந்த விசாரணையில் வடிவம், முடிச்சு, சாயம் என்று மூன்று சாட்சிகள் உண்டு. கண்ணில் முதலில் படுவது வடிவம். அதுவே மூன்றிலும் நம்பகம் குறைந்தது என்பதை இத்துறை தாமதமாகத்தான் உணர்ந்தது.

பொருள்களை முதலில் அறிந்துகொள்வோம். மத்திய ஆசியாவின் காரகூம் பாலைவனத்தைச் சுற்றி மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு அலமாரி இல்லை, பெட்டி இல்லை, எல்லாம் பைதான். துணிமணி வைக்கும் பெரிய பை சுவால். சுமார் 75 செ.மீ. உயரமும் ஒரு மீட்டருக்கு மேல் அகலமும் இருக்கும். அதே அகலத்தில் உயரம் குறைந்தது தொர்பா. அதனினும் சிறியது மஃப்ராஷ். இவை கூடாரத்தின் உட்சுவரில் தொங்கும். கூடாரத்தின் கூரைக் கழிகளை ஒட்டகத்தில் ஏற்றிச் செல்லும்போது அவற்றின் முனைக்கு மாட்டும் உறை ஒக்பாஷ். மணப்பெண் ஏறிவரும் ஒட்டகத்தின் இரு விலாவிலும் தொங்குவது அஸ்மலிக். ஐந்து பக்கம் கொண்டது, ஜோடியாக நெய்யப்படுவது. விற்பனையில் ஜோடி பிரிந்து இரு வேறு நாடுகளுக்குப் போனவை நிறைய. அன்றாடப் பயனுக்காகவும் சீதனத்துக்காகவும் நெய்தவை என்பதால், சந்தைக்கென நெய்த கம்பளங்களைவிட இவற்றில் பழைய மரபு நெடுநாள் தங்கியது.

1881 இல் துருக்மென்களின் கியோக் தெப்பே கோட்டை ரஷ்யப் படையிடம் வீழ்ந்தது. 1884 இல் மெர்வ் ரஷ்யர் வசமானது. 1888 இல் ரயில் சமர்கந்தை எட்டியது. படையும் ரயிலும் போன வழியில் சேகரிப்பாளர்களும் போனார்கள். அதுவரை வெளியுலகில் இவற்றுக்கு ஒரே பெயர்தான்: ‘புகாரா’. அது நெய்த ஊரல்ல, விற்ற ஊர். காஸ்பியனுக்கு அப்பாலான மாகாணத்தை ஆண்ட ஜெனரல் ஆந்த்ரேய் போகோல்யூபோவ், தம் சேகரிப்பை 1908-09 இல் பீட்டர்ஸ்பர்க்கில் நூலாக வெளியிட்டபோது, குலவாரியாகப் பிரித்துக் காட்டினார். சாலோர், சாரிக், தெக்கே, யோமுத், எர்சாரி என்ற பெயர்கள் கம்பளங்களோடு ஒட்டிக்கொண்டது இவ்வாறுதான்.

அடுத்த பெரும் அடியை வைத்தவர் சோவியத் இனவரைவியலாளர் வாலெந்தினா மொஷ்கோவா. கம்பளத்தில் வரிசை வரிசையாக வரும் எண்கோணப் பதக்க வடிவமான ‘குல்’, குலத்தின் சின்னம் என்றார். போரில் தோற்ற குலம் வென்றவரின் சின்னத்தை ஏற்க வேண்டும்; அதன் சொந்தச் சின்னம் பெரிய கம்பளத்திலிருந்து இறங்கிப் பைகளில் ஒதுங்கிவிடும். 1952 இல் அவர் மறைந்த பின், 1970 இல் தாஷ்கண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. அழகான கோட்பாடு, பையின் முகப்பைப் பார்த்தே ஒரு குலத்தின் போர் வரலாற்றைப் படித்துவிடலாம் என்ற ஆசையைக் கிளப்பியது.

ஆனால் பொருள்கள் அவ்வளவு பணிவாக நடந்துகொள்ளவில்லை. 1832 இல் பாரசீக இளவரசர் அப்பாஸ் மிர்சா சரக்ஸில் சாலோர்களை முறியடித்தார். அந்தக் குலம் சிதறியது. சின்னம் அழியவில்லை. தெக்கேயும் சாரிக்கும் எர்சாரியும் சாலோர் குல்லைத் தம் பைகளில் நெய்தார்கள். தோற்ற குலத்தின் சின்னத்தை மற்றக் குலங்களே விரும்பி எடுத்தால், அதை வைத்து யார் நெய்தது என்று எப்படித் தீர்ப்பது?

விடை துணியின் பின்புறத்தில் இருந்தது. 1980 இல் வாஷிங்டன் டெக்ஸ்டைல் மியூசியம் நடத்திய கண்காட்சியின் நூலில், ஆய்வாளர் ஜான் தாம்சன் சாலோர் நெசவுகளை வடிவத்தால் அல்லாமல் கட்டமைப்பால் வரையறுத்தார். இழை இரண்டு பாவு நூல்களையும் முழுக்கச் சுற்றினால் சமச்சீர் முடிச்சு. ஒன்றை மட்டும் முழுக்கச் சுற்றி, அடுத்ததன் அடியில் நுழைந்து வந்தால் சமச்சீரற்ற முடிச்சு; அது இடப்பக்கமோ வலப்பக்கமோ திறந்திருக்கும். சாலோர் முடிச்சு சமச்சீரற்றது, இடப்பக்கம் திறந்தது. பாவு நூல்கள் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளே அமுங்கியிருக்கும். தெக்கே முடிச்சு வலப்பக்கம் திறந்தது, பின்புறம் தட்டையானது. யோமுத்தும் சாரிக்கும் பெரும்பாலும் சமச்சீர். சௌதோர் என்ற குலத்தின் நெசவில் ஊடையில் பருத்தி வரும். வடிவத்தை ஒரு பெண் அண்டை வீட்டில் பார்த்து ஒரே நாளில் எடுத்துக்கொள்ளலாம். முடிச்சுப் போடும் விதமோ சிறுவயதில் தாயிடம் கற்று விரலில் படிந்துவிட்ட கையெழுத்து. இதே வழியில்தான் 1990 இல் சியாவோஷ் அஸாதியும் ஆனெட் ராவ்டென்ஸ்டெங்கலும், யோமுத் என்ற பொதுப் பெயருக்குள் கிடந்த ஒரு நெசவுத் தொகுப்பைத் தனியே பிரித்து ‘கழுகுக் குழு’ எனப் பெயரிட்டார்கள்.

காலத்துக்குச் சாயம் சாட்சி. சிவப்பின் அடித்தளம் மஞ்சிட்டியின் உறவான ரூபியா வேர்; நீலம் அவுரி. இவை பல நூற்றாண்டுகள் மாறாதவை என்பதால் காலம் காட்டா. காலம் காட்டுபவை பூச்சிச் சிவப்புகள். பழையவை எனக் கருதப்படும் பல பைகளில் இந்தியாவிலிருந்து வணிகர்கள் கொண்டுபோன அரக்குச் சாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் கோச்சினீல் மேலோங்குகிறது. இது போக்கு மட்டுமே, சட்டமல்ல. இரும்புச் சட்டம் செயற்கைச் சாயத்தில்தான். ஃபுக்சின் 1859க்கு முன் இல்லை. பொன்சோ 2ஆர் என்ற செஞ்சாயம் 1878க்கு முன் இல்லை. அவற்றில் தோய்ந்த இழை உள்ள பை அந்த ஆண்டுக்குப் பிந்தியது, அந்த இழை பிற்காலப் பழுதுபார்ப்பில் நுழைந்ததல்ல என்றால். மறுதலை செல்லாது. செயற்கைச் சாயம் இல்லாததால் பை பழையதாகிவிடாது. சாயக்கடை எட்டாத இடங்களில் ரூபியா வேர் நெடுநாள் கொதித்தது.

இந்த மூன்று சாட்சிகளோடு கடைசியாக வந்து சேர்ந்தது கதிரியக்கக் கார்பன். ஆட்டின் உடலில் ஓரிரு பருவத்தில் வளர்ந்து, வெட்டி நூற்கப்படுவது கம்பளி. அது வளர்ந்த காலத்துக்கும் நெய்த காலத்துக்கும் இடைவெளி குறைவு. அந்த வகையில் நல்ல மாதிரி. இடையூறு வேறிடத்தில். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய காலத்துக்கு கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அளவீட்டு வளைகோடு மேலும் கீழுமாக அலைகிறது. ஒரே அளவுக்கு 17, 18, 19ஆம் நூற்றாண்டு என மூன்று விடைகளும் வரலாம். அதற்கு முந்திய பொருளில்தான் இம்முறை உறுதியாகப் பேசும். 2016 இல் யூர்க் ராகெத் வெளியிட்ட பெரும் ஆய்வு, சூரிச் ஆய்வகத்தின் கார்பன் அளவீட்டையும் சாயப் பகுப்பாய்வையும் அருகருகே வைத்து, சில துருக்மென் நெசவுகள் 16, 17ஆம் நூற்றாண்டுகளுக்குப் போகக்கூடும் என்று காட்டியது. 19ஆம் நூற்றாண்டைத் தாண்டத் தயங்கிய துறைக்கு இது பெரிய நகர்வு.

இன்று ஒரு பையின் விவரக்குறிப்பில் ‘தெக்கே, சுமார் 1800’ என்றிருந்தால், வாசகர் கேட்க வேண்டியது எந்தச் சாட்சியின் பேரில் என்பதே. ‘தெக்கே’ முடிச்சிலிருந்து வந்திருந்தால் ஏற்கலாம். குல்லிலிருந்து மட்டும் வந்திருந்தால் அது யூகம். ‘1800’ என்பது, குல்கள் தாராள இடைவெளியோடு இருந்தால் பழையது, நெருங்கி ஓரப்பட்டைகள் பெருகினால் புதியது என்ற ரசனை விதியிலிருந்து வந்திருந்தால், அது ஆண்டல்ல, விலை. முடிச்சு குலத்தைச் சொல்கிறது. செயற்கைச் சாயம் எதற்குப் பின் என்று சொல்கிறது. கார்பன் எந்தெந்த இடைவெளிகளில் என்று சொல்கிறது. சாயமும் கார்பனும் ஒத்துப்போகும் அளவுக்குத்தான் தேதியைச் சுருக்கலாம். அதற்கு மேல் சுருக்கியவர் எதை வைத்துச் சுருக்கினார் என்று எழுத்தில் காட்டியாக வேண்டும்.