இரவு இரண்டு மணிக்கு ஓடும் பதினெட்டு வரி

சோளிங்கரிலிருந்து தினமும் ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வரும் நண்பர் ஒருவர், தோல் தொழிற்சாலை ஒன்றின் தரவுத்தளத்தைக் கவனித்துக்கொள்கிறார். வந்திறங்கிய தோல், லாட் எண், சதுர அடி, ஏற்றுமதி பில், ஆட்களின் சம்பளம் எல்லாம் ஒரே போஸ்ட்கிரஸில் இருக்கின்றன. அதைத் தினமும் பேக்கப் எடுக்க அவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் பதினெட்டே வரி. அதை ரசித்து ரசித்துப் படித்தேன்.

தொடக்கத்திலேயே ‘பைப்ஃபெயில்’ என்று ஒரு கட்டளை வருகிறது. போஸ்ட்கிரஸின் பிஜி_டம்ப் எடுத்துக் கொட்டும் தரவை ஜிஜிப் வாங்கிச் சுருக்குகிறது. டம்ப் நடுவில் அறுந்துபோனாலும், ஜிஜிப் தன் கைக்கு வந்தவரை நேர்த்தியாகச் சுருக்கிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷும், வரிசையில் கடைசியில் நிற்பவர் சொல்வதைத்தான் வழக்கமாக நம்பும். அந்த ஒரு கட்டளை இருந்தால், இடையில் யார் தவறினாலும் மொத்தமும் தவறியதாகவே கணக்கு.

அடுத்தது எனக்கு இன்னும் பிடிக்கும். புதிய பிரதி முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் எழுதப்படுகிறது. முழுதாக முடிந்து சோதனையில் தேறிய பிறகே அதற்கு உண்மையான பெயர் கிடைக்கிறது. நடுவில் கரண்ட் போனால் அந்த அரைகுறைக் கோப்பு தற்காலிகப் பெயரோடே கிடக்கும். காலையில் யாரும் அதை நல்ல பிரதி என்று ஏமாற மாட்டார்கள். பழைய பிரதிகளை அழிக்கும் வரி எல்லாவற்றுக்கும் கடைசியில். வட்டில் இடம் வேண்டுமென்று முதலிலேயே அழித்துவிடும் ஸ்கிரிப்ட்களும் உண்டு. அவற்றைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

நண்பரின் ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் தொடங்கிவைப்பது கிரான். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடம், பிறகு கட்டளை. இரவு இரண்டு மணி என்று நாம் கவலையில்லாமல் எழுதலாம். கோடையில் கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் நாடுகள் சிலவற்றில் வருடத்தில் ஓர் இரவு அந்த மணியே வராமல் போகும், இன்னோர் இரவு இரண்டு முறை வரும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை. பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், அதுவும் இல்லை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பு, ஓடிக்கொண்டிருந்த பிஜி_டம்ப் 9.2. ஒத்துப்போகாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்துவைத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் முழுதும் எழுதி வெளியிட்டதற்காக அந்த நிறுவனத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நண்பரின் ஸ்கிரிப்ட் வெற்றியையும் சொல்கிறது. தினமும் காலையில் ஒரு செய்தி வர வேண்டும். வராவிட்டால் அதுவே அபாய மணி. ஞாயிறுதோறும் பிரதியை வேறொரு தரவுத்தளத்தில் மீட்டெடுத்து, கடைசி பில்லின் தேதி சனிக்கிழமைதானா என்று பார்க்கிறது. அந்தப் பதினெட்டில் ஒரு வரி, டம்ப் தொடங்கும் முன்பே இரண்டு பதிப்பு எண்களையும் ஒப்பிட்டு, டம்பின் பதிப்பு பழையதாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுகிறது.