மூளையும் கொடுமையும்

பிறர் துன்பங் கண்டு இரங்காமை, கூசாது பொய்யுரைத்தல், வஞ்சித்தல், செய்த தீங்கிற்கு வருந்தாமை என்னும் இயல்புகள் ஒருவன்பால் ஒருங்கே நிலைத்திருப்பின், மேலைநாட்டு உளநூலார் அதனைச் சைக்கோபதி என்பர். அதற்கு மூளையே காரணமென்னுங் கொள்கை இந்நாளிற் பெரிதும் பேசப்படுகின்றது. அதுபற்றி எழுந்த நூல்களுள் பலராலும் படிக்கப்பெற்றது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து மூளைநூற் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபாலன் 2013-இல் வெளியிட்ட ‘தி சைக்கோபாத் இன்சைடு’ என்பதாம்.

ஃபாலன் கொலைஞர் பலருடைய மூளைப்படங்களை ஆராய்ந்தவர். கண்குழிக்கு மேலமைந்த முன்மூளைப் பகுதியும், அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு இயைபுடைய உட்பகுதிகளும் அன்னோர்பாற் செயல் குன்றியிருத்தலை அவர் கண்டார். மறதிநோய் பற்றிய வேறோர் ஆராய்ச்சிக்காகத் தம் குடும்பத்தார்க்கு எடுத்த படங்களுள் ஒன்று கொலைஞர் படத்தையே ஒத்திருந்தது. அஃது அவருடையதே. அவரோ கொலை புரிந்தவரல்லர். இல்லறத்தில் நின்று மாணாக்கர்க்குக் கல்வி பயிற்றியவர். பிறப்பின்வழி வந்த கூறே பெரிதென வற்புறுத்தி வந்த அவர், இளமையிற் பெற்ற அன்பும் வளர்ப்புமே தம்மைக் காத்தன என உடன்பட்டார். இதனை மறையாது கூறியது நூலின் சிறப்பு.

ஆயினும், சுற்றத்தார் தம்மை இரக்கங் குறைந்தவரென்றமை கொண்டு, தம்மைத் தீங்கு செய்யாத சைக்கோபாத் என அவர் கூறுதல் பொருந்துமாறில்லை. தீங்கு செய்யாதானையும் அப்பெயர் தழுவுமாயின் அஃது எதனையும் வரையறுக்க மாட்டாது. பலர் படங்களைத் தொகுத்து நோக்குழிக் காணும் வேறுபாடு, தனியொருவனை இன்னானென அறுதியிடப் போதாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகம் பெற்ற திருச்சுழியலும் அருப்புக்கோட்டையும் அடங்கிய வானம்பார்த்த பூமி, முன்பு இராமநாதபுர மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1871-இல் எழுந்து, 1911-இன் திருத்தத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிந்த குற்றப்பரம்பரைச் சட்டம், அம்மாவட்டத்து மறவர் குடிகள் பலவற்றின்மேலும் பாய்ந்தது. ஒரு குற்றமும் செய்யாதாரும் பிறப்பொன்றே பற்றிப் பெயர்ப்பதிவிற்கும் கைரேகைக்கும் உட்பட்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பெற்றது. அன்று குலத்தின்மேல் ஏற்றிய பழியை இன்று மூளைப்படத்தின்மேல் ஏற்றுவதாயின், கருவி புதிது, பிழை பழையதே.

சிவஞானபோதம் அந்தக்கரணங்களை உயிரின் வேறாக வைத்து, அரசனுக்கு அமைச்சர் போல்வன என்னும். கருவி பழுதுறின் அறிவுந் தொழிலும் குன்றுமென்பது சித்தாந்தத்திற்கு உடன்பாடே. ஆதலின் மூளைநூலார் கண்டவற்றை மறுத்தல் வேண்டா. கருவியே உயிரென்னும் முடிபினையே மறுத்தல் வேண்டும். ஆணவம் எல்லா உயிர்க்கும் பொதுவாகலின், தீயோரென ஒரு தனி இனம் இல்லை. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், அன்பின் சார்பு ஒருவனைக் காத்ததும் வியப்பன்று.

அற்றேல், அத்தகு மூளை முன்வினைப் பயனாகலின் அவன் தள்ளத்தக்கான் எனலாமோ எனின், ஆகாது. தனு, கரண, புவன, போகங்கள் மலநீக்கத்தின்பொருட்டு இறைவன் அளிப்பன; ஒருவனை ஒதுக்குதற்கு இட்ட முத்திரையல்ல. வினையின் பெயரால் ஒருவனை இகழுஞ் சைவர், குலத்தின் பெயரால் இகழ்ந்த அச்சட்டத்தாரோடு ஒப்பாவர். கொடுஞ்செயல் தடுக்கவும் ஒறுக்கவும் படுக. செயலுக்கு முன்னே ஒருவனைக் கொடியனெனத் துணிதல் அறிவுமன்று, அறமுமன்று.