தொன்னகோனாவின் ஆட்சேபம்

1534 ஜூலை 24 அன்று, இன்றைய கனடாவின் கஸ்பே கரையில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியேயின் ஆட்கள் முப்பதடி உயரச் சிலுவை ஒன்றை நட்டார்கள். அதில் பிரெஞ்சு அரசரின் இலச்சினை பொறித்திருந்தது. சற்று நேரத்தில் கரடித்தோல் போர்த்திய தொல்குடித் தலைவர் தொன்னகோனா, சகோதரரும் மூன்று மகன்களும் உடன்வர ஓடத்தில் வந்தார். சிலுவையைக் காட்டி, சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் கையால் சுட்டி, நெடுநேரம் பேசினார். 'எங்களைக் கேட்காமல் இதை நட்டிருக்கக் கூடாது' என்பதே அவர் பேச்சின் சாரம் என்று கார்த்தியேயின் பயணக் குறிப்பே பதிவு செய்கிறது. கோடரி தருவதாக ஆசைகாட்டி ஓடத்தை அருகே வரவழைத்து, அவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். சிலுவை வெறும் வழியடையாளம்தான் என்று சமாதானம் சொன்னார்கள். தொமகாயா, தைஞோவாக்னி என்ற இரு மகன்களைப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள்.

இத்தகைய பக்கங்களை எப்படி வாசிப்பது என்பதில்தான், பிரெஞ்சுக்காரருக்கும் தொல்குடிகளுக்கும் இருந்த உறவை ஆராயும் துறையின் வரலாறு அடங்கியிருக்கிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் பிரான்சிஸ் பார்க்மன் 1865 முதல் எழுதிய நூல்கள் ஒரு கருத்தை நிலைநாட்டின: ஸ்பானியர் தொல்குடிகளை நசுக்கினார்கள், ஆங்கிலேயர் இகழ்ந்தார்கள், பிரெஞ்சுக்காரர் அரவணைத்தார்கள். இந்த நம்பிக்கை இன்றும் பாடநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் உயிரோடிருக்கிறது. 1663 வாக்கில்கூட வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றமான நியூ பிரான்ஸ் முழுவதிலும் குடியேறிகள் மூவாயிரம் பேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், அந்த அரவணைப்பின் காரணம் தேசிய குணமல்ல, தேவை என்பது விளங்கும்.

அந்தத் தேவை எவ்வளவு கடுமையானது என்பதை 1535-36 குளிர்காலம் காட்டுகிறது. தொன்னகோனாவின் ஊரான ஸ்தாதகோனாவுக்கு அருகே, உறைந்த ஆற்றில் கார்த்தியேயின் கப்பல்கள் சிக்கிக்கிடந்தன. ஈறு அழுகி, கால் வீங்கி, ஸ்கர்வி நோயில் இருபத்தைந்து பேர் மாண்டார்கள். தங்கள் பலவீனம் ஊராருக்குத் தெரியக்கூடாதென்று, உள்ளே வேலை நடப்பதுபோல் கப்பலுக்குள் தட்டி ஓசை எழுப்பச் சொன்னார் கார்த்தியே. பிரான்சிலிருந்து அவரோடு திரும்பியிருந்த தொமகாயா அதே நோயிலிருந்து தேறியிருப்பதைக் கண்டதும், தன் பணியாள் ஒருவனுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி மருந்து கேட்டார். தொமகாயா இரண்டு பெண்களை அனுப்பி, அன்னெதா என்ற மரத்தின் கிளைகளைக் கொண்டுவரச் செய்தார். பட்டையையும் இலையையும் காய்ச்சிக் குடித்தவர்கள் பிழைத்தார்கள். அடுத்த மே மாதம், கார்த்தியே தொன்னகோனாவையும் அவருடைய இரு மகன்களையும் வேறு சிலரையும் பிடித்துக்கொண்டு கப்பலேறினார். மொத்தம் பத்துப் பேர். ஒரு சிறுமியைத் தவிர அனைவரும் பிரான்சிலேயே இறந்தார்கள்.

பழைய வரலாறுகள் இதைக் கண்டுபிடிப்பின் சாகசக் கதையாகவே சொல்லின. அதைத் தலைகீழாக்கியவர் புரூஸ் டிரிக்கர். தொல்லியலும் மானுடவியலும் பயின்ற அவர், வெண்டாட் என்ற தொல்குடி மக்களைக் கதையின் நடுவில் வைத்து 1976இல் இரண்டு தொகுதி வரலாறு எழுதினார். அவர்களுக்கென்று அரசியல் இருந்தது, வணிகக் கணக்கு இருந்தது. மற்றத் தொல்குடிகளுக்கும் அப்படியே: 1603இல் ததுசாக்கில் இன்னு தலைவர் அனதபிஜு, பிரெஞ்சுப் பயணி ஷாம்ப்ளேன் இடம்பெற்ற குழுவுக்கு விருந்து வைத்து, இராக்குவாக்களோடு தங்களுக்கிருந்த போரில் உதவி எதிர்பார்த்தார். ஷாம்ப்ளேன் 1609இல், இராக்குவாக்களில் ஒரு பிரிவினரான மோஹாக்குகளின் தலைவர்களைச் சுட்டது அந்த எதிர்பார்ப்பின் தொடர்ச்சி. டிரிக்கரின் வாசிப்பில் ஷாம்ப்ளேன் பிறர் போட்ட பாதையில் நடந்தவர். என் பார்வையில் இத்துறையின் மிகப் பெரிய நூல் இதுவே.

1991இல் வெளிவந்த ரிச்சர்ட் வைட்டின் 'தி மிடில் கிரவுண்ட்', பேரேரிகள் பகுதியில் எந்தத் தரப்பாலும் மற்றதை அடக்க முடியாதபோது, இரு சாராரும் சேர்ந்து புதிய நடைமுறைகளை உருவாக்கியதை விளக்கியது. கொலைக்கு ஈடாகப் பரிசளித்து 'இறந்தவரைப் போர்த்துதல்' அவற்றில் ஒன்று. பின்வந்தவர்கள் அந்தக் கருத்தை எல்லா இடத்துக்கும் நீட்டினார்கள்; அதில் பார்க்மனின் இனிய பிரெஞ்சுக்காரர் திரும்பவும் எட்டிப்பார்த்தார். அதற்கு மாற்று மருந்தாகும் ஆய்வுகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மார்செல் த்ருதேல் 1960இலேயே நியூ பிரான்சின் அடிமைகளைத் தேவாலயப் பதிவேடுகளிலிருந்து எண்ணினார். கிடைத்த ஆயிரக்கணக்கானோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொல்குடியினர். பிரெட் ரஷ்ஃபோர்த் 2012இல், தோழமையை உறுதிசெய்யக் கொடுத்த பரிசுகளில் அடிமைப்பட்ட மனிதர்களும் இருந்ததைக் காட்டினார்: கூட்டணியும் அடிமைத்தனமும் ஒரே கயிற்றின் இரு இழைகள்.

இவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து எழுதியவர்கள். வெண்டாட் இனத்தவரான ஜார்ஜ் சியூயி, தம் மக்களின் மதிப்பீடுகளிலிருந்தே வரலாறு எழுதவேண்டுமென்று 1989இல் பிரெஞ்சில் வெளிவந்த நூலில் வாதிட்டார். அந்த மக்களின் பேரழிவுக்கு முதல் காரணமாக அவர் கண்டது இராக்குவாக்களின் போர்வெறியை அல்ல, 1634 முதல் வெண்டாட் மக்களில் பாதிப் பேரைக் கொண்டுபோன ஐரோப்பியக் கொள்ளைநோய்களை. இந்த வாதம் நூலகத்தோடு நிற்கவில்லை. கியூபெக்கின் ழாக் கார்த்தியே பூங்காவில், மூதாதையர் வழக்கப்படி சடங்கு செய்ய மரம் வெட்டி, முகாமிட்டு, தீ மூட்டியதற்காக சியூயியும் அவருடைய சகோதரர்களும் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். 1760இல் பிரித்தானியத் தளபதி மரே வெண்டாட்டுகளுக்குக் கொடுத்த சிறு ஆவணம் செல்லுபடியாகும் உடன்படிக்கையே என்று 1990இல் கனடா உச்ச நீதிமன்றம் ஏற்று, அவர்களை விடுவித்தது.