53 துண்டுகளான ஒரு சாலை

பத்ரிநாத், கேதார்நாத், கங்கோத்ரி, யமுனோத்ரி ஆகிய நான்கு தலங்களுக்கும் போகும் சுமார் 900 கி.மீ. மலைச்சாலையை அகலப்படுத்த 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இமயத்தின் நிலையற்ற சரிவுகளை வெட்டும் வேலை இது. அப்படியிருந்தும் மொத்தத் திட்டத்துக்கும் சேர்த்து ஒரு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நடக்கவில்லை. இந்த மதிப்பீட்டுக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையில் 2013-இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கம் 100 கி.மீ.க்கு மேல் இருந்து, கூடுதலாக எடுக்கும் நிலமும் குறிப்பிட்ட அகலத்தைத் தாண்டினால்தான் முன் அனுமதி வேண்டும். இந்தச் சாலையோ 53 பணிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 100 கி.மீ.க்குள் அடங்கிவிட்டது.

விதியின் எழுத்துக்குள்ளேயே இது நடந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. மேலே வெட்டிய மண் சரிந்து பாகீரதி ஆற்றில் விழும்போது, அது எந்தத் துண்டின் மண் என்று யார் பிரித்துப் பார்ப்பது? இந்தத் திட்டத்தை ஆராய உச்ச நீதிமன்றம் 2019-இல் சூழலியலாளர் ரவி சோப்ரா தலைமையில் உயர்நிலைக் குழு அமைத்தது. சாலையின் அகலம் 5.5 மீட்டரா, அதற்கு மேலா என்பதில் குழுவே பிளவுபட்டது. 2020 செப்டம்பரில் 5.5 மீட்டர் என்றது நீதிமன்றம். 2021 டிசம்பரில் ராணுவத் தேவையை ஏற்று, எல்லைக்குச் செல்லும் சாலைகளுக்கு அதைத் தளர்த்தியது. எல்லைப் பாதுகாப்பு லேசான காரணம் அல்ல. ஆனால் முதல் பாறையை உடைக்கும் முன் நடந்திருக்க வேண்டிய விவாதம், மலையைப் பல இடங்களில் வெட்டி முடித்த பிறகு நடந்தது. இதே திட்டத்தின் சில்க்யாரா சுரங்கப்பாதையின் ஒரு பகுதி 2023 நவம்பரில் இடிந்து, 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். மதிப்பீடு நடந்திருந்தால் அந்த விபத்தே நேர்ந்திராது என்று சொல்ல மாட்டேன். அந்த மலையைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றைக் கேட்கும் இடம் ஒன்று இருந்திருக்கும்.

அனுமதி என்றாலே தாமதம்தான் என்கிறார்கள் சாலை போடுபவர்கள். அவர்கள் குறையில் நியாயம் உண்டு. சுற்றுச்சூழல், காடு, வனவிலங்கு, கடற்கரை என்று ஒரே சாலைக்குப் பல கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் கண்ட தீர்வுதான் தவறு. காட்டு அனுமதி வரும்வரை காத்திராமல், காட்டுக்கு வெளியே உள்ள பகுதியில் வேலையைத் தொடங்கலாம் என்று 2013-இல் வழிவிடப்பட்டது. இரண்டு பக்கமும் சாலை வந்து காட்டின் ஓரத்தில் நின்றுவிட்டால், நடுவில் இருக்கும் காட்டுக்கு ‘வேண்டாம்’ என்று எந்த அதிகாரி எழுதுவார்?

அனுமதியோடு விதிக்கும் நிபந்தனை பலித்த இடமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐ அகலப்படுத்தியபோது, வழக்குகளுக்கும் இழுபறிக்கும் பிறகு, விலங்குகள் கடக்கச் சாலைக்கு அடியில் ஒன்பது வழிகள் கட்டினார்கள். சில 50 மீட்டர் அகலம். மிகப் பெரியது 750 மீட்டர். லாரிகள் மேலே ஓட, கீழே புள்ளிமான்கள் நடந்தன. இந்திய வனவிலங்கு நிறுவனம் அங்கே கேமராக்களைப் பொருத்திக் கணக்கெடுத்தது. 2019 மார்ச் முதல் டிசம்பர் வரை 18 வகை விலங்குகள் 5,450 முறை பதிவாயின. 11 புலிகள் 89 முறை கடந்திருந்தன. கட்டியதோடு நிற்காமல் எண்ணியும் பார்த்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. என் பார்வையில் அனுமதி முறை முழுமையாக வேலை செய்த அபூர்வமான இடம் இது.

பெரும்பாலான இடங்களில் எண்ணுவார் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய இணக்க அறிக்கையைத் திட்டத்தை நடத்துபவரே எழுதுகிறார். மரம் நட வேண்டும் என்ற நிபந்தனைக்கு எதிரே ‘கடைப்பிடிக்கப்படுகிறது’ என்று ஒற்றைச் சொல் இருக்கும். எத்தனை கன்று, எத்தனை பிழைத்தது, எந்த ஊரில் என்ற விவரம் இருக்காது.

இன்னொரு கோளாறு, எது முதலில், எது பிறகு என்ற வரிசையில் இருக்கிறது. 277 கி.மீ. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக 2018-இல் விளைநிலங்களில் அளவுக்கல் நட்டபோது சுற்றுச்சூழல் அனுமதி இல்லை. நிலம் எடுக்கும் முன்பே அது வேண்டும் என்றது சென்னை உயர் நீதிமன்றம், 2019 ஏப்ரலில். வேலை தொடங்கும் முன் இருந்தால் போதும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. சட்டப்படி அதுவே முடிவு. ஆனால் வயலில் கல் நட்ட பிறகு கூட்டும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில், பாதையை மாற்றுங்கள் என்று ஒரு விவசாயி சொன்னால் அதற்கு என்ன மதிப்பு இருக்கும்? தடம் குறிக்கும் நாளிலேயே மதிப்பீடு தொடங்க வேண்டும். நீளத்தைத் துண்டுகளாக அல்ல, முழுத் திட்டமாகக் கணக்கிட வேண்டும். இந்த இரண்டையும் திருத்தாமல் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை.

அதுவரை நம் கையில் ஒன்று இருக்கிறது. 2006 அறிவிக்கையின்படி இணக்க அறிக்கைகள் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தரப்பட வேண்டும். அவை பொது ஆவணங்கள், யார் விண்ணப்பித்தாலும் நகல் தர வேண்டும். உங்கள் ஊர் வழியாக அனுமதி பெற்ற சாலையோ பாலமோ வருகிறதென்றால், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பாருங்கள்.